கன்னி வேட்டைக்கு ஏற்ற வயது எது?

திண்ணனாரின் கதையைக் கேளாது வளர்ந்த சைவப் பிள்ளை நம் நாட்டில் இல்லை எனலாம். கண்ணை இடந்து அப்பிய அந்தக் கடைசிக் காட்சியே எல்லோர் மனத்திலும் நிற்கின்றது. அக்கதையின் முற்பகுதியைச் சேக்கிழார் பெருமான் எத்துணை நிதானமாகச் சொல்லிச் செல்கின்றார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொத்தப்பி நாட்டு உடுப்பூரிலே, வேடர் தலைவன் நாகனுக்கும் அவன் மனைவி தத்தைக்கும் நெடுநாட் கழித்துப் பிறந்த பிள்ளை திண்ணன். அவன் தளர்நடை நடந்து, வேட்டுவச் சிறுவரோடு விளையாடி, வளர்ந்து, நல்ல நாளொன்றிலே வில்வித்தை தொடங்குகின்றான். கற்று முடித்துப் பதினாறு வயதை எய்துகின்றான். காட்டு விலங்குகள் பெருகித் தொல்லை செய்கின்றன என்று வேடர் வந்து முறையிட்டபோதுதான், முதுமையுற்ற நாகன் மகனை அழைத்து, உடைத்தோலும் சுரிகையும் கொடுத்து, வேட்டைக்கு அனுப்புகின்றான். அந்த முதல் வேட்டைக்குக் 'கன்னி வேட்டை' என்று பெயர்.

அவ்வேட்டையிலே கவனிக்கத்தக்க செய்தியொன்று உண்டு. வேடர்கள் யானைக் கன்றைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. சினைப்பட்ட பிணைகளை வருத்தவில்லை. அம்பு கையில் இருக்கும்போதும் எய்யாமல் விடத் தெரிந்தவர்களாகவே அவர்களைப் பெரியபுராணம் காட்டுகின்றது.

நாகன் தன் மகன் ஆயத்தமாகிவிட்டான் என்பதை எவ்வாறு அறிந்தான்? வயதைக் கணக்கிட்டா, தோள்வலியைப் பார்த்தா, குணத்தைப் பார்த்தா? இக்கேள்வி புராண காலத்தோடு முடிந்துவிட்டதன்று. வட துருவப் பனிவெளியிலும், ஆபிரிக்கக் காட்டிலும், அமெரிக்கப் பண்ணை வீடுகளிலும் இன்றும் தந்தைமார் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

நமது வீடுகளிலே வேட்டை இல்லை. பலர் வீட்டிலே புலாலும் இல்லை. ஆயினும், மீட்க முடியாத ஒரு செயலைச் செய்யவல்ல கருவியைப் பிள்ளையின் கையில் எப்போது கொடுப்பது என்ற கேள்வி நமக்கும் உரியதே. துவக்கைப் பிடிக்கும் வயது எது என்பதற்குப் பெற்றோரைக் கேளாமலே விடை எழுதப்பட்ட காலமொன்றை நம் மண் கண்டிருக்கின்றது. 2009 இல் முடிவுற்ற அந்தப் போரின் நினைவு உள்ளவர்கள் இதனை அயலார் விடயம் என்று தள்ளிவிடமாட்டார்கள்.

கலகாரிப் பாலையிலே

ஆபிரிக்காவின் தென்பகுதியிலே, பொட்சுவானா, நமீபியா என்னும் இரு நாடுகளின் எல்லையை ஒட்டி வாழ்பவர்கள் ஜூட்வாசி மக்கள். ரிச்சர்ட் லீ என்னும் மானிடவியல் அறிஞர் 1963 ஆம் ஆண்டு தொடக்கம் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து எழுதியவை இன்றும் பல்கலைக்கழகங்களிலே படிக்கப்படுகின்றன.

அவர் கண்ட காலத்திலே, மூன்று வயதளவில் ஆண்குழந்தைக்கு ஒரு விளையாட்டு வில் கிடைத்துவிடும். குழந்தை அதைக்கொண்டு வண்டையும் வெட்டுக்கிளியையும் துரத்தும். பன்னிரண்டு வயதளவில் தந்தை மெய்யான சிறு வில்லும் அம்புக்கூடும் செய்து கொடுப்பான். அதன்பின் பறவை, முயல் என்று வேட்டை வளரும். பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட வயதிலேதான் இளைஞன் முதன்முதலாகப் பெரிய மானொன்றை வீழ்த்துவான். அன்று அவனுக்குச் சடங்கு உண்டு. அவன் தோலிலே சிறு கீறல்கள் இட்டு, வேட்டை விலங்கின் கொழுப்பும் கரியும் கலந்து தேய்ப்பார்கள். ஆண் விலங்குக்கு ஒரு முறை, பெண் விலங்குக்கு ஒரு முறை என இருமுறை இச்சடங்கு நிகழும். அத்தழும்புகளைப் பெற்றவனே மணஞ்செய்யத் தக்கவன் என்று கருதப்பட்டான்.

மூன்று வயதில் வில் கொடுத்தவர்கள் பெரிய வேட்டைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தது ஏன்? காரணம் நஞ்சு. அவர்களுடைய சிறிய அம்பு தன் வேகத்தால் மானைக் கொல்வதில்லை. ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சே கொல்லுகின்றது. அந்நஞ்சுக்கு மாற்று மருந்து அவர்களிடம் இல்லை. ஆதலின் அதனை அம்பின் கூரிலே பூசாமல், கூருக்குப் பின்னாலுள்ள தண்டிலே பூசுவார்கள். தவறுதலாகக் கூர் கையிற் கீறினாலும் நஞ்சு உடலிற் சேராதிருக்கும் பொருட்டே இந்த ஏற்பாடு. நஞ்சம்பு நிறைந்த கூட்டைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்திலே தொங்கவிடுவார்கள். வில்லுக்கு வயதில்லை, நஞ்சுக்கு வயதுண்டு என்பதே அவர்கள் வகுத்த நெறி.

இன்னொரு வழக்கமும் அவர்களிடம் உண்டு. இளைஞன் ஒருவன் கொழுத்த விலங்கொன்றை வீழ்த்தி வந்தால், ஊரார் புகழ்வதில்லை. எலும்பும் தோலுமாய் இருக்கின்றதே, இதற்காகவா இத்தனை தூரம் நடந்தோம் என்று ஏளனஞ் செய்வார்கள். கொல்லும் ஆற்றலோடு செருக்கும் சேர்ந்தால் அவன் ஒருநாள் மனிதரையும் வருத்துவான் என்பது அம்மக்களின் அச்சம். இதனை லீ 1969 இல் எழுதிய கட்டுரையொன்றிலே சுவைபட விளக்கியுள்ளார். பரிசுக் கிண்ணத்தோடு வீடு திரும்பும் மகனைத் தோளிலே தூக்கி ஊர்வலம் விடும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். சிந்திக்கவேண்டிய விந்தை அது.

முதல் இறைச்சி யாருக்கு?

தன்சானியாவின் வடபகுதியிலே, ஏயாசி ஏரிக்கரையில் வாழும் ஹட்சா மக்கள் ஏறக்குறைய ஆயிரத்துச் சொச்சம் பேரே. அங்கும் மூன்று வயதுக் குழந்தை வில்லோடு திரிகின்றது. ஆசிரியன் என்று எவனும் இல்லை. பாடம் என்று எதுவும் இல்லை. சிறுவர் கூட்டமாகத் திரிந்து, பெரிய சிறுவனைப் பார்த்துச் சிறிய சிறுவன் பழகுகின்றான். தாமே தேடிய பழமும் பறவையுமாகத் தம் உணவின் ஒரு பங்கையும் சிறுவயதிலேயே ஈட்டிக்கொள்கின்றனர்.

இக்காட்சி நம் முன்னோருக்கும் புதிதன்று. வேட்டுவச் சிறுவர், வளாரை வளைத்து வில்லாக்கி, முள்ளை நுனியாக வைத்த புல்லம்பு தொடுத்து, பருத்தி வேலியிலே பதுங்கிய எலியைக் குறிபார்ப்பதைப் புறநானூறு காட்டுகின்றது. வலைப்பந்தையும் மட்டையையும் போல, அது அக்காலத்துச் சிறுவரின் விளையாட்டும் கல்வியுமாக இருந்தது.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுவிற் மக்களின் வழக்கம் உள்ளத்தைத் தொடுவது. சிறுவன் ஒருவன் முதன்முறையாகக் கடல்நாயைப் பிடித்தால், அவ்விறைச்சியை அவன் தன் வீட்டிலே வைத்துக்கொள்வதில்லை. பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். முதியோருக்குப் பங்குண்டு. அவன் பிறந்தபோது தொப்புட்கொடி அறுத்த மருத்துவச்சிக்குச் சிறப்பான பங்குண்டு. தன்னை இவ்வுலகிற்குக் கொண்டுவந்த கைக்கே, தான் முதலிற் கொண்டுவந்ததைக் கொடுக்கின்றான். வேட்டைக்குத் தக்கவன் ஆனான் என்பதற்குக் குறி அங்கே கொடையாக இருக்கின்றது.

இத்தனை இளவயதிலே தொடங்கினாலும், வேட்டையிலே தேர்ச்சி அத்துணை விரைவில் வருவதன்று. உலகின் 40 இடங்களில் வாழும் 1,800 பேருக்கு மேற்பட்ட வேட்டைக்காரரின் ஏறக்குறைய 23,000 வேட்டைப் பதிவுகளை ஒருங்கு சேர்த்து, 2020 இல் அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து வெளியிட்டது. வேட்டைத் திறன் உச்சத்தை அடையும் வயது சராசரியாக முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் என்பது அவர்கள் கண்ட முடிவு. உடல் வலிமை உச்சமடைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே திறன் உச்சமடைகின்றது. தடம் அறிவது, காற்றின் திசை அறிவது, விலங்கின் போக்கை முன்கூட்டியே உணர்வது ஆகிய யாவும் மூளையின் வேலை. மகனைப் பத்து வயதிலே வல்லவனாக்கிவிட அவசரப்படும் தந்தை, இருபது ஆண்டுப் படிப்பின் முதலாம் வகுப்பையே பார்க்கின்றான் என்க.

சட்டம் என்ன சொல்கின்றது?

வில் போய்த் துவக்கு வந்தபின், கேள்வி கடினமாயிற்று. பிள்ளையின் விரல் விசையிலே பட்டால் போதும். சிறு றைபிள் ஒன்றின் சன்னங்கூட ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று விழக்கூடும். ஆதலின் அரசாங்கங்கள் தலையிட்டன. ஆனால் அவை சொல்லும் வயதுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

ஜேர்மனியிலே பதினாறு வயதானால், கடினமான தேர்வொன்றிலே சித்தியெய்தி, இளையோர் வேட்டை அனுமதி பெறலாம். பதினெட்டு நிரம்பும்வரை, அனுபவம் வாய்ந்த வேட்டைக்காரர் துணையின்றிச் செல்லலாகாது. நோர்வேயில் 30 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் உண்டு. சிறு விலங்குகளைப் பதினாறு வயதிலும், பெரு விலங்குகளைப் பதினெட்டு வயதிலும் வேட்டையாடலாம். அதற்கு முன் துணையோடு பழகும் பயிற்சி வேட்டைக்கும் இடமுண்டு.

ஐக்கிய அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூ யோர்க் மாநிலம் 1949 இல் இளைய வேட்டைக்காரருக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டிலே அதுவே முன்னோடி. அதே மாநிலம் 2021 இல், துவக்கால் மான் வேட்டையாடும் வயதைப் பதினான்கிலிருந்து பன்னிரண்டுக்குக் குறைத்தது. ஒவ்வொரு மாவட்டமும் விரும்பினால் ஏற்கலாம், இல்லையேல் விடலாம் என்றும் வைத்தது. விஸ்கொன்சின் மாநிலமோ 2017 நவம்பரிலே, துணைவரோடு செல்லும் வேட்டைக்கு அதுவரை இருந்த பத்து வயது எல்லையை முற்றாக நீக்கிவிட்டது. துணைவர் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கவேண்டும் என்ற விதி மட்டும் நின்றது. அவ்வாண்டு மான் வேட்டைப் பருவத்திலே ஒரு வயதுகூட நிரம்பாத கைக்குழந்தைகள் பத்துப் பேரின் பெயரில் அனுமதிச்சீட்டு வாங்கப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பாட்டன் பேரனுக்கு வாங்கிய நினைவுச் சின்னங்களாக அவற்றை எண்ணிச் சிலர் சிரித்தனர், சிலர் கவலைப்பட்டனர்.

எல்லையை நீக்கியவர்கள் கூறிய நியாயம் ஒன்றுண்டு. பிள்ளையை நன்கறிந்தவர் பெற்றோரே. எட்டு வயதிலே பொறுப்புள்ள பிள்ளையும் உண்டு, பதினெட்டிலே பொறுப்பில்லாதவனும் உண்டு என்பது அது. அதனை மறுக்க முடியாது. எதிர்த்தவர்கள் கூறிய நியாயமும் ஒன்றுண்டு. தன் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் கொண்டிருக்கும் எண்ணம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. தவறினால் இழப்பவர் அயலாராகவும் இருக்கலாம் என்பது அது. அதனையும் மறுக்க முடியாது. ஆகவே, சட்டம் வாயில் மட்டுமே. உள்ளே விடுவதா என்ற முடிவு வீட்டிலேதான் எடுக்கப்படுகின்றது.

உடல் ஆயத்தமா?

அங்குள்ள அனுபவசாலிகள் பிள்ளையை எவ்வாறு அளக்கின்றனர் என்பதை இனிப் பார்ப்போம். முதலாவது உடல். துவக்குப் பிடங்கை முழங்கையின் உட்பக்கத்திலே வைத்து, அக்கையின் விரல் விசையை எளிதில் எட்டுகின்றதா என்று பார்ப்பர். எட்டாவிட்டால் அத்துவக்கு அப்பிள்ளைக்கு நீளம். தந்தையின் சட்டையை மகனுக்கு மாட்டுவது போல, நீளமான துவக்கைச் சிறு தோளிலே சார்த்தினால், அது வழுவும். பின்னுதைப்பு முகத்தைத் தாக்கும். முதல் வேட்டிலே நோவு கண்ட பிள்ளை, அடுத்த வேட்டிலே கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும். அதனினும் ஆபத்து வேறில்லை.

இரண்டாவது கண். வலக்கையால் எழுதும் எல்லோருக்கும் வலக்கண்ணே முதற்கண் என்று எண்ணுதல் தவறு. மாணவர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இரு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து ஒரு சிறு முக்கோணத் துளை அமைத்து, அதனூடே தூரத்திலுள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் நோக்குக. பின் ஒவ்வொரு கண்ணாக மூடுக. எக்கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கின்றதோ, அதுவே முதற்கண். வலக்கையும் இடக்கண்ணுமாக அமைந்த பிள்ளைகள் பலர் உளர். அதனை அறியாமல் குறிபார்க்கப் பழக்கினால், பிள்ளை தவறவிட்டுக்கொண்டே இருக்கும். தந்தை கடிந்துகொண்டே இருப்பான்.

அறிவு ஆயத்தமா?

பாதுகாப்பு விதிகள் நான்கே. எத்துவக்கையும் நிரப்பிய துவக்காகவே கருதுக. குழல் வாயை ஆபத்தில்லாத திசையிலேயே வைத்திருக்குக. எய்யும் கணம்வரை விசையிலே விரல் வையற்க. இலக்கையும் இலக்குக்கு அப்பால் இருப்பதையும் அறிந்த பின்னரே எய்க. ஆத்திசூடி போல இவற்றை ஆறு வயதுப் பிள்ளையும் ஒப்புவிக்கும். ஒப்புவித்தல் வேறு, ஒழுகுதல் வேறு என்பதை ஆசிரியத் தொழிலிலே இருபது ஆண்டுகள் கழித்த நாம் நன்கறிவோம்.

அமெரிக்காவின் அற்லாந்தா நகரிலே நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று 2001 இல் குழந்தை மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரையான சிறுவர் 64 பேரை 29 சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் அறையிலே விளையாட விட்டார்கள். அவ்வறையின் இழுப்பறையிலே, சுட முடியாதவாறு செய்யப்பட்ட மெய்யான கைத்துவக்கொன்று மறைக்கப்பட்டிருந்தது. 21 குழுக்கள் அதனைக் கண்டன. 16 குழுக்கள் கையிலெடுத்தன. 10 குழுக்களிலே ஒருவனாவது விசையை இழுத்தான். துவக்கைத் தொட்ட சிறுவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், முன்னரே ஏதோவொரு வகையில் துவக்குப் பாதுகாப்பு அறிவுரை கேட்டவர்கள் என்பதே இதிலே நெஞ்சை உறுத்தும் செய்தி.

ஆதலின், நல்ல தந்தைமார் வாய்மொழியை நம்புவதில்லை. முதலாண்டு முழுதும் வெறுங்கையோடு கூட அழைத்துச் செல்வர். குளிரிலே மூன்று மணி நேரம் பேசாமல் இருக்க முடிகின்றதா என்று பார்ப்பர். அடுத்த ஆண்டு, நிரப்பாத துவக்கைக் கொடுத்து நடக்க விடுவர். வேலி கடக்கும்போதும், வழுக்கும்போதும், அலுப்பு வந்தபோதும் குழல் வாய் எத்திசையை நோக்குகின்றது என்று கவனிப்பர். நாள் முழுவதும் ஒருமுறையேனும் அது மனிதன் பக்கம் திரும்பினால், அவ்வாண்டு துவக்கு இல்லை. யாரும் பாராதபோதும் விதியைக் காக்கின்றானா, 'இப்போது எய்யாதே' என்றதும் முகம் கோணாமல் தாழ்த்துகின்றானா, தன் தவறைத் தானே வந்து சொல்கின்றானா என்பவையே அவர்கள் காணும் குறிகள். கூர்ந்து நோக்கின், இவற்றுள் ஒன்றேனும் வேட்டைக்கு மட்டும் உரியதன்று.

மனம் ஆயத்தமா?

எல்லாவற்றினும் அரிய கேள்வி இதுதான். சாவு என்பது என்ன என்று பிள்ளைக்குத் தெரியுமா? மரியா நாகி என்னும் அம்மையார் புடாபெஸ்ற் நகரிலே 378 குழந்தைகளிடம் வினவி, 1948 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சாவை ஒரு பயணம் போலவும் உறக்கம் போலவும் எண்ணினர். சாவு மீளாதது, எல்லோர்க்கும் உரியது என்ற தெளிவு பிற்பட்ட வயதிலேயே வருவதை அவர் கண்டார். பின்வந்த ஆராய்ச்சிகள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இத்தெளிவு பிறக்கின்றது என்கின்றன. அத்தெளிவு பிறவாத குழந்தையைக் கொண்டு ஓர் உயிரை எடுக்கச் செய்தால், அக்குழந்தை செய்தது இன்னதென்று அக்குழந்தைக்கே தெரியாது.

தெரிந்த வயதிலும் அது எளிதன்று. இங்கே எமது சிறுபராயத்து நிகழ்ச்சியொன்றைச் சொல்லுதல் பொருந்தும். அப்போது எமக்கு ஒன்பது வயது. வன்னியிலே எமது பாட்டனார் வீட்டிலே விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தோம். பாட்டனார் ஒரு காலத்திலே உரிமத் துவக்கு வைத்திருந்தவர், காட்டை அறிந்தவர். அயல்வீட்டுப் பையன் ஒருவன் தந்த கெற்றப்போலால், முருங்கை மரத்திலே இருந்த ஒரு புலுனியைக் குறிபார்த்து அடித்தோம். கல் பட்டுவிட்டது. அது விழுந்தது.

படும் என்று நாம் எண்ணவேயில்லை. கையிலெடுத்தபோது சூடாக இருந்தது. அதற்குள் மற்றப் புலுனிகள் வந்துவிட்டன. கூட்டமாகவே வாழும் பறவை அது. வேலியிலும் நிலத்திலுமாகச் சுற்றி நின்று அவை கத்திய கத்தலை இன்றும் மறக்க முடியவில்லை. பாட்டனார் வெளியே வந்தார். அடிக்கப்போகின்றார் என்று அஞ்சினோம். அடிக்கவில்லை. "மோனை, இதிலை இருந்து பார். அதுகள் போகுமட்டும் எழும்பாதை," என்றார். தாமும் பக்கத்திலே இருந்தார். அவை போக நெடுநேரம் சென்றது. பின்னர் இருவருமாகச் சேர்ந்து அப்பறவையை மரத்தடியிலே புதைத்தோம். கெற்றப்போலை வாங்கி வளையிலே தொங்கவிட்டு, "கேட்டால் தருவன். ஆனால், என்னத்துக்கு எண்டு சொல்லவேணும்," என்றார்.

நாம் கேட்கவேயில்லை. காரணமொன்று எமக்குக் கிடைக்கவில்லை. தினைப்புனத்தைப் பன்றி அழிக்கும் வீட்டுச் சிறுவனுக்குக் காரணம் கிடைத்திருக்கும். பனிவெளியிலே வேறு உணவில்லாத வீட்டுச் சிறுவனுக்கும் கிடைத்திருக்கும். பாட்டனார் எம்மை அளந்த கோல் அதுவென்று வெகுகாலத்தின் பின்னரே விளங்கிற்று.

வேண்டாம் என்னும் பிள்ளை

அமெரிக்கத் தந்தைமாருள் அறிவுடையோர் இன்னொன்றும் சொல்வர். கேட்கும்வரை காத்திரு, கேட்டாலும் இருமுறை கேட்கட்டும் என்பர். தந்தையை மகிழ்விக்க மகன் துவக்கு ஏந்துதல் உண்டு. நவம்பர் மாதத்து ஒன்பது நாள் மான் வேட்டைப் பருவம் விஸ்கொன்சின் குடும்பங்களுக்குத் திருவிழாப் போன்றது. பாட்டன், தந்தை, மாமன், மைத்துனன் எல்லோரும் செம்மஞ்சள் மேலாடை அணிந்து புறப்படும்போது, நான் வரவில்லை என்று சொல்லுதல் பத்து வயதுப் பிள்ளைக்கு எளிதா? அப்பிள்ளைக்கு அவ்வாறு சொல்லும் உரிமை உண்டென்று முதலிலேயே காட்டிவிட வேண்டும். மானைக் கண்டும் எய்யாமல் திரும்பிய மகனை ஏளனஞ் செய்யாத வீட்டிலேதான், மகன் எய்யும் நாளிலும் நிதானத்தோடு எய்வான். அழுதால் அழட்டும். முதல் மானை வீழ்த்திய பிள்ளை அழுவது குறையன்று. அன்று சிரித்துத் துள்ளுபவனையே சற்று உற்றுக் கவனித்தல் தகும்.

நம் நாட்டு வேடர்

நம் நாட்டிலும் இக்கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட குலம் ஒன்றுண்டு. தம்மை வன்னியல எத்தோ என்று அழைத்துக்கொள்ளும் வேடர்களைப் பற்றி, செலிக்மன் தம்பதியர் 1911 இல் விரிவான நூலொன்றை வெளியிட்டனர். வில்லும் கோடரியும் அவர்கள் வாழ்வின் அங்கங்கள். கீழ்க்கரையிலே, வாகரைப் பகுதி முதலாய இடங்களிலே தமிழ் பேசும் வேடர்களும் வாழ்கின்றனர்.

1983 இல் மாதுறு ஓயாப் பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, தம்பானை வேடர்களின் பழைய வேட்டைக் காடு அதற்குள் அடங்கிற்று. அங்கே வேட்டையாடுதல் சட்டத்துக்கு மாறாயிற்று. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. முதுபெருந் தலைவர் திசாகாமி காட்டை விட்டுப் பெயர மறுத்து, 1998 இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். விலங்குகளைக் காத்தல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், மகன் ஆயத்தமா என்று பார்த்து வந்த ஒரு தந்தை, இனி அக்கேள்வியையே கேட்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டதையும் நினைத்தல் வேண்டும். வில் போனதோடு, தடம் பார்க்கும் கல்வியும், பொறுத்திருக்கும் கல்வியும், பங்கிட்டுண்ணும் கல்வியும் போயின. அவற்றுக்கு ஈடாக எப்பள்ளிக்கூடம் எதனைக் கொடுத்தது?

நாகன் பார்த்தது எதனை?

கலகாரித் தந்தை நஞ்சை உயரத்திலே தொங்கவிட்டான். இனுவிற் தாய் முதல் இறைச்சியைக் கொடுக்கச் சொன்னாள். நோர்வே அரசு 30 மணி நேரம் படிக்கச் சொன்னது. எமது பாட்டனார் காரணங் கேட்டார். வழிகள் பலவாயினும் இவர்கள் எல்லோரும் ஒரே இடத்திலே கைவைத்தனர். பிள்ளைக்கும் கருவிக்கும் இடையிலே ஒரு தாமதத்தை வைத்தனர். அத்தாமதத்திலே பிள்ளை என்ன செய்கின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தனர்.

நம் பிள்ளைகள் வில் கேட்கப்போவதில்லை. மோட்டார்ச் சைக்கிள் கேட்பார்கள், கைத்தொலைபேசி கேட்பார்கள், நண்பர்களோடு கடலிலே நீந்தப் போகவேண்டும் என்பார்கள். அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களே என்பதும், வகுப்பிலே எல்லோரிடமும் இருக்கின்றதே என்பதும் வயதைக் காட்டும் சான்றுகள் அல்ல. நிறுத்து என்றபோது நிறுத்துகின்றானா, தனித்திருக்கும்போது எப்படி நடக்கின்றான், தவறினால் வந்து சொல்கின்றானா, எதற்கென்று கேட்டால் விடை வைத்திருக்கின்றானா என்று பார்ப்போமாக. மாணவர்களும் பெற்றோரிடம் கேட்குமுன் இந்நான்கையும் தம்மிடமே கேட்டுப் பார்க்கலாம்.

பதினாறு ஆண்டு பொறுத்திருந்து நாகன் மகனை அனுப்பினான். அம்மகன் பன்றியைத் துரத்திச் சென்ற வழியிலேதான் காளத்தி மலையைக் கண்டான். யானைக் கன்றைத் தொடராத வேடர் கூட்டத்திலே வளர்ந்த பிள்ளைக்கு, அங்கே குருதி வடிந்த கண்ணைக் கண்டபோது நெஞ்சு பதறியதிலே வியப்பொன்றுமில்லை.